கிட்டார் பெட்டிக்குப் பதினைந்து அங்குலம் வேண்டுமா?

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் ஊர் காயல்பட்டினம். இதை நடுவில் வைத்துக்கொண்டு வடக்கே புன்னக்காயல் வரையும், தெற்கே வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு வரையும் உள்ள கரையைப் பார்த்தால், எலெக்ட்ரிக் கிட்டார் மூன்று இடங்களில் ஒலிக்கிறது. கடற்கரை ஊர்த் தேவாலயங்களின் பாடகர் குழுவில், அம்மன் கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் கச்சேரியில், நாலுமாவடி போன்ற ஊர்களில் நடக்கும் பெரிய ஜெபக் கூட்டங்களின் மேடையில். காயல் ஊருக்குள் பாட்டு என்றால் குரலும் தப்ஸ் என்ற கைப்பறையும்தான். நாகூர் ஹனிபாவின் பாட்டு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் மார்க்க விழாவோ, கொடையோ, ஆலயத் திருவிழாவோ, எல்லாவற்றுக்கும் வந்து இறங்கும் ரேடியோ செட் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய குழாய்கள் போய், 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த கறுப்புப் பெட்டிகள் வந்துவிட்டன.

இந்தப் பெட்டிகள் கண்ணெதிரே இருப்பதால், கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. கிட்டாருக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்தால் வழக்கமான 12 அங்குல ஸ்பீக்கர் போடுவதா, 15 போடுவதா? ஒரு சாரார், 12-ஐத் தாண்டினால் சத்தம் மந்தமாகிவிடும், கிட்டார் வெட்டித் தெரியாது என்கிறார்கள். மற்றவர்கள், பெரிய கோன், அதாவது ஸ்பீக்கரின் அதிரும் காகிதக் கூம்பு, போட்டால்தான் கனம் கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு பேச்சும் அங்குலத்தை வைத்தே ஒலியை எடை போடுகின்றன. அங்குலம் சொல்வது மிகக் கொஞ்சம். எந்த வேலைக்காகச் செய்த ஸ்பீக்கர், எந்தப் பெட்டியில், எந்த வெளியில் ஒலிக்கிறது என்பதுதான் மிச்சம் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதலில் வரலாறு. கிட்டாருக்கு 12 அங்குலம்தான் என்ற விதி தொடக்கத்தில் எங்கும் இருந்ததில்லை. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1946-இல் செய்த புரொஃபஷனல் என்ற ஆம்ப்ளிபயரிலேயே 15 அங்குல ஸ்பீக்கர் இருந்தது. பேஸ் கிட்டாருக்காக அவர் 1952-இல் கொண்டுவந்த பாஸ்மேன், ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரோடு பிறந்தது. சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களைப் போட்டார். பேஸுக்காகச் செய்த அந்தப் பெட்டியைக் கிட்டார்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்ப்ளிபயரை அமைத்தபோது முன்மாதிரியாக வைத்துக்கொண்டதும் அந்தப் பாஸ்மேனின் மின்சுற்றைத்தான்.

அடுத்து வந்தவர் கிட்டார்க்காரர் டிக் டேல். லெபனான் வழித் தந்தைக்குப் பிறந்தவர். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய மெட்டான 'மிசர்லூ'வை 1962-இல் மின்னல் வேகத்தில் வாசித்துப் புகழ்பெற்றவர். பெரிய நடன மண்டபம் நிறையும்படி தடித்த கம்பிகளில் அவர் வாசித்த வாசிப்புக்கு ஃபெண்டரின் ஆம்ப்ளிபயர்களும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அதற்கு விடையாக வந்ததுதான் ஷோமேன். அதில் ஜேபிஎல் நிறுவனத்தின் டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கர் ஏறியது. இரண்டு ஸ்பீக்கர் வைத்த ட்யூவல் ஷோமேனும் பின்னால் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மிகச் சத்தமான கிட்டார் மேடைகளில் ஒன்று 15 அங்குலத்தில்தான் ஒலித்தது. அந்த ஒலியை யாரும் மந்தம் என்று சொன்னதில்லை. கண்ணாடியைப் போலக் கூராக இருந்தது என்பதே அதைப் பற்றிய பேச்சு.

1964-இல் ஃபெண்டரின் வைப்ரோவெர்ப் ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரோடு வந்தது. ஓராண்டு அளவில் நின்றுபோன அந்த மாதிரியை இருபது ஆண்டு கழித்து டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் மேடையில் வைத்துக்கொண்டு வாசித்ததும் அதன் மதிப்பு ஏறியது. மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டாரின் வழியில் வந்த பெடல் ஸ்டீல் கலைஞர்களோ பெரும்பாலும் 15 அங்குலத்தையே நாடினார்கள். பீவி நிறுவனத்தின் செஷன் 400, நாஷ்வில் 400 ஆகியவை அவர்களுக்கென்றே 15 அங்குல ஸ்பீக்கரோடு செய்யப்பட்டவை. உடையாத, தெளிந்த ஒலி அவர்களுக்கு வேண்டும். சில சுருதி அமைப்புகளில் கீழ்க்கம்பியும் சாதாரணக் கிட்டாரைவிடத் தாழ்ந்திருக்கும்.

12 அங்குலம் வென்ற இடம் இங்கிலாந்து. செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் முதலில் வாக்ஸ் ஏசி30-க்குள் இரண்டிரண்டாகவும், பிறகு மார்ஷலின் பெட்டிக்குள் நான்கு நான்காகவும் போயின. அந்தக் காலத்து 12 அங்குலக் கோன் மெல்லியது. கொஞ்சம் அழுத்தி வாசித்தால் அதுவே நெளிந்து, ஒலியைக் கரகரப்பாக்கும். அந்தக் கரகரப்பைத்தான் ராக் இசை தன் குரலாக எடுத்துக்கொண்டது. 1960-களின் பிற்பகுதி இசைத்தட்டுகள் அந்தக் குரலை உலகத்துக்குப் பழக்கிவிட்டன. விலையும் எடையும் 12-க்கு இணக்கமாக இருந்தன. 1975-இல் வந்து, இந்திய மேடைகள் வரை எங்கும் பரவிய ரோலண்ட் ஜேசி-120 கூட இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களோடுதான் வந்தது. ஆக, 12 என்பது பழக்கமும் சந்தையும் சேர்ந்து போட்ட முடிவு. இயற்பியல் போட்ட கட்டளை அல்ல.

இயற்பியல் என்ன சொல்கிறது? ஸ்பீக்கர் ஒலி எழுப்புவது காற்றைத் தள்ளி. தள்ளும் பரப்பைக் கணக்கிட்டால் 12 அங்குலக் கோனுக்கு ஏறத்தாழ 530 சதுர சென்டிமீட்டர், 15 அங்குலத்துக்கு ஏறத்தாழ 850. ஒன்றுக்கு ஒன்று வைத்தால் 15-க்கு அறுபது சதவீதம் கூடுதல். ஆனால் இரண்டு 12 சேர்ந்தால் 1,060 ஆகிறது. நான்கு 10 சேர்ந்தால் 1,380. நான்கு 12 சேர்ந்தால் 2,100-ஐத் தாண்டுகிறது. பாஸ்மேனில் ஒரு 15-ஐ எடுத்து நான்கு 10-ஐப் போட்டபோது ஸ்பீக்கர் சிறுத்தது, தள்ளும் பரப்போ பெருத்தது. 'பெரிய ஸ்பீக்கர், பெரிய சத்தம்' என்பவர்கள் பெட்டியின் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒலி பரவும் திசை அடுத்தது. ஒலியலையின் நீளம் கோனின் அசையும் பகுதியின் அகலத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து ஒலி பக்கவாட்டில் விரிவது குறைந்து முன்னால் குவிகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். அதன்படி 12 அங்குலத்துக்கு இது 1,300 ஹெர்ட்ஸை ஒட்டியும், 15 அங்குலத்துக்கு 1,050-ஐ ஒட்டியும் வருகிறது. பெரிய வேறுபாடு போலத் தெரியும் இது கிட்டாரின் கழுத்தில் நான்கு ஃபிரெட் தூரம்தான். 12 அங்குலத்துக்காரர்கள் 15-இன் மேல் சொல்லும் 'நேரே நின்றால்தான் கேட்கிறது' என்ற குறை 12-க்கும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டின் ஒலியும் ஓரத்தில் நிற்பவரை முன்பின்னாக வந்தடைந்து ஒன்றையொன்று தின்கின்றன. ஒற்றை 15-இல் அந்தச் சிக்கல் இல்லை. மேடையின் அகலம் முழுவதும் ஒரே தன்மையில் கேட்க வேண்டுமானால் ஒற்றைப் 15-க்குத்தான் என் வாக்கு. இரட்டை 12 வேண்டும் என்றால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது நல்லது.

'மந்தம்' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் என்பது உள்ளதை உள்ளபடி ஒலிக்கும் கருவி அல்ல. அது கிட்டாரின் ஒரு பாகம். 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை எடுப்பாக ஒலித்து, 5,000-க்கு மேல் செங்குத்தாக விழும்படி அதைச் செய்கிறார்கள். கிட்டாருக்கென்று செய்த 12 அங்குலத்தில் கோனும் காயிலும் சேர்ந்த எடை 30 கிராமை ஒட்டியே இருக்கும். இயல்பான அதிர்வு 75 ஹெர்ட்ஸ் சுற்றி நிற்கும். கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அது போதும்.

ரேடியோ செட் பெட்டியில் இருக்கும் 15 அங்குலம் வேறு சாதி. அது ஊபர். மேலே உள்ள சத்தத்தை எல்லாம் ஒரு ஹாரன் பார்த்துக்கொள்ளும் என்ற உறுதியில், அடிச்சத்தத்துக்கு மட்டும் செய்யப்பட்டது. அசையும் எடை பலவற்றில் 100 கிராமைத் தாண்டும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் நடப்பது இதுதான்: பழைய செட்டில் இருந்து ஒரு 15 அங்குல ஊபரைக் கழற்றி, ஹாரன் இல்லாத பெட்டியில் போட்டு, கிட்டார் ஆம்ப்ளிபயரில் இணைக்கிறார்கள். கம்பளிக்குள் இருந்து வருவது போலச் சத்தம் வருகிறது. உடனே 15 அங்குலத்தின் மேல் பழி விழுகிறது. பழி விழ வேண்டியது வேலைக்கு ஒவ்வாத ஸ்பீக்கரைத் தேர்ந்ததன் மேல்.

டிக் டேலின் டி130-ஐ இதோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அதுவும் 15 அங்குலம்தான். ஆனால் நான்கு அங்குல அகலமுள்ள காயில், தட்டையான அலுமினியக் கம்பியில் சுற்றியது. நடுவில் அலுமினியக் குமிழ். கோன் லேசான காகிதம். காந்தம் பலமானது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல்லுக்குக் குறையாமல் ஒலிக்கும். அந்தக் குமிழ்தான் உச்ச ஒலிகளுக்கு மினுக்கம் கொடுத்தது. அங்குலம் ஒன்றே, ஒலி இரண்டு. இன்றைக்கும் எமினன்ஸ், செலஸ்டியன் போன்றவர்கள் கிட்டாருக்கென்றே 15 அங்குல ஸ்பீக்கர் செய்கிறார்கள். 15-ஐப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர் அவற்றில் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சொல்வதே முறை.

வாட் கணக்கைப் பற்றி ஒன்று. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபெல் என்ற உணர்திறன் உள்ள நல்ல ஸ்பீக்கர்கூட, கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மிச்சம் காயிலில் வெப்பம். காயில் 100 டிகிரி சூடேறினால் செம்பின் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும், சத்தம் அடங்கும். 500 வாட் என்று அட்டையில் அச்சடித்த ஸ்பீக்கரைவிட, உணர்திறன் மூன்று டெசிபெல் கூடிய ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே அதே சத்தத்தைத் தரும். கடையில் முதலில் கேட்க வேண்டிய எண் வாட் அல்ல, உணர்திறன். அடுத்து அதிர்வு எண்.

பேஸ் கிட்டாரின் கதை தனி. அதன் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரில் சரிபாதி. பெரிய ஸ்பீக்கருக்கு உண்மையான வேலை இங்கேதான். லிவர்பூலில் ஏட்ரியன் பார்பர் என்ற கிட்டார்க்காரர், சவப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி செய்து அதில் 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்தி, அப்போது பேர் தெரியாத இளைஞராக இருந்த பால் மெக்கார்ட்னிக்குக் கொடுத்தார். கிடைத்ததை வைத்துப் பெட்டி கட்டுவதில் அந்தத் துறைமுக நகரமும் நம் கரையும் வேறல்ல. டெட்ராய்ட்டில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த ஆம்பெக் பி-15 ஒற்றை 15 அங்குலம். அகூஸ்டிக் 360 இன்னும் ஒரு படி மேலே போய், மடித்த ஹாரன் பெட்டிக்குள் 18 அங்குல ஸ்பீக்கரை வைத்தது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதில்தான் வாசித்தார். ஆனால் 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்களை அடைத்த மூடிய பெட்டி. மேடை பேஸின் அளவுகோலாகவே அது மாறியது. பேஸிலும்கூட மொத்தப் பரப்பும் பெட்டியும்தான் பேசுகின்றன.

நம் மேடைக்கு இது முக்கியம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிக் குரலாகவே நடக்கும். அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன். அந்த வரிகளைக் கொடை மேடையில் மெல்லிசைக் குழு எடுத்து வாசிக்கும்போது, சுவரும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் அடிச்சத்தம் கரைந்துபோகிறது. அறைக்குள் சுவர்கள் திருப்பிக் கொடுக்கும் பலம் அங்கே கிடையாது. பின்பக்கம் திறந்த பெட்டியானால் இன்னும் மோசம். முன்னால் வரும் அடிச்சத்தத்தைப் பின்னால் வருவது அழித்துவிடும். ஆகவே பேஸுக்கு மூடிய பெட்டியோ, அளந்து துளையிட்ட பெட்டியோ வேண்டும். 15 அங்குலத்தைச் சின்னப் பெட்டியில் திணிக்கக் கூடாது. உள்ளே காற்று போதாமல் போனால் அதிர்வு எண் ஏறி, பெரிய ஸ்பீக்கர் வாங்கியதன் பலனே போய்விடும். கனமில்லாத பலகையில் அடித்த பெட்டி தானே அதிர்ந்து சத்தத்தைத் தின்னும். கப்பல் பிளைவுட் 18 மில்லிமீட்டர் போட்டு, குறுக்குச் சட்டம் கொடுத்தால் அந்தக் குறை வராது.

பேஸ் தனியாக இருக்கும் மேடையில் கிட்டாருக்கு 15 அங்குலம் தரும் கூடுதல் அடிச்சத்தம் உதவியா, இடைஞ்சலா? பெரும்பாலும் இடைஞ்சல் என்றே சொல்வேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ், டிரம், தபேலாவின் டக்கா, கீபோர்டின் இடது கை எல்லாம் கூடி நிற்கின்றன. மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் கிட்டாரின் அந்தப் பகுதியை வெட்டித்தான் விடுவார். பெட்டிக்கு முன் மைக் வைத்து, பெரிய செட் வழியாகச் சபைக்கு அனுப்புகிற இன்றைய முறையில், கிட்டார்ப் பெட்டி வாசிப்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்டால் போதும். சத்தத்தில் போட்டி போட வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. தூங்கும் ஊருக்கு அந்த மரியாதை உரியதே.

15 பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. பேஸ் கிட்டார் இல்லாத சிறிய ஆலயத்தில் ஒரே கிட்டார் முழுப் பாட்டையும் தாங்க வேண்டியிருக்கும். அங்கே கிட்டாருக்கென்று செய்த ஒற்றை 15, பின்பக்கம் பாதி திறந்த பெட்டியில், தெளிந்த ஒலியில் நிறைவாக இருக்கும். விரலால் மீட்டுபவர்களுக்கும், ஸ்லைடு வாசிப்பவர்களுக்கும், சுருதியைத் தாழ்த்தி வாசிப்பவர்களுக்கும் அது உதவும். கரகரப்பான ராக் ஒலியில் வாசிப்பவர் 12-ஓடு நிற்பதே நல்லது. அந்த இசையே 12-இன் நெளிவில் பிறந்தது.

இனி உலகத்துப் புத்தகங்கள் பேசாத, நம் கரை மட்டும் பேச வேண்டிய ஒன்று: உப்பும் மணலும். ஆறுமுகநேரி உப்பளங்களில் இருந்து கடல்வரை காற்றில் உப்பு ஈரம் நிற்கிறது. காகிதக் கோன் ஈரத்தைக் குடித்து எடை கூடி, விறைப்புக் குறைகிறது. கோன் பெரிதாகப் பெரிதாக இந்தத் தளர்ச்சியும் பெரிதாகத் தெரியும். காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி பச்சை பிடிக்கிறது. இரும்புத் தகட்டுச் சட்டம் துருப்பிடித்து, உதிரும் துரு காந்தத்தின் இடைவெளிக்குள் போய்ச் சேர்கிறது.

மணல் அதைவிடக் கொடியது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வீசும் காற்று குதிரைமொழித் தேரியின் செம்மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இந்தக் கரையின் மணலில் இல்மனைட் போன்ற இரும்புத் தாதுக்கள் கலந்திருக்கின்றன. காந்தத்தைக் காட்டினால் கருமணல் ஒட்டிக்கொண்டு வருவதை இங்கே பிள்ளைகளும் அறிவார்கள். ஸ்பீக்கரின் காயில் அசைவது பலமான காந்தத்தின் நடுவில், ஒரு மில்லிமீட்டர் கணக்கிலான சந்தில். வேறு ஊர்களில் தூசி தானாக வந்து விழுந்தால்தான் உண்டு. இங்கே காந்தமே மணலை வா என்று இழுக்கிறது. உள்ளே போன துகள் காயிலை உராய்ந்து, கரகரவென்று சத்தம் வந்து, கடைசியில் காயில் அறுகிறது. ஜேபிஎல் நிறுவனம் ஃபெண்டருக்காகச் செய்த டி130எஃப்-இல் அந்தச் சந்தைக் கொஞ்சம் விரித்தே வைத்தார்கள். கிட்டார் மேடையில் ஸ்பீக்கர் படும் பாட்டை அறிந்து செய்த மாற்றம் அது. நம் கரைக்குத் தேவைப்படும் யோசனையும் அதுவே.

ஆகவே இங்கே ஸ்பீக்கர் தேர்கிறவர்கள் அங்குலத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. வார்ப்பு அலுமினியச் சட்டம், பூச்சுப் பூசிய கோன், இடைவெளியின்றி அடைத்த நடுக் குமிழ், காந்தத்தின் பின்துளைக்கு மெல்லிய வலை. பெட்டியை ஒருபோதும் வாய் மேலே பார்க்கக் கிடத்தக் கூடாது. கடற்கரை மேடையில் மணலில் நேரே வைக்கக் கூடாது. கச்சேரி முடிந்ததும் உறை போட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். இவ்வளவும் செய்தால் 12-உம் உழைக்கும், 15-உம் உழைக்கும். செய்யாவிட்டால் எந்த நாட்டு ஸ்பீக்கரும் இரண்டு ஆடியைத் தாண்டாது.

பாடகர் குழுவுக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் பெட்டி வாங்கப் போகும் தம்பிமார் ஒன்று செய்யுங்கள். சொந்தக் கிட்டாரையும் ஆம்ப்ளிபயரையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்குள் கேட்டு முடிவு செய்யாமல், பெட்டியை வெளியே எடுத்து வைத்து, பத்தடி பின்னால் போய் நின்றும், பக்கவாட்டில் நின்றும் கேளுங்கள். இது கிட்டார் ஸ்பீக்கரா, ஊபரா என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். ஊபர் என்றால், அது எத்தனை அங்குலமாக இருந்தாலும் கிட்டாருக்கு வேண்டாம்.